அது அப்பிடித்தான்

புலம்பெயர்ந்த சஞ்சிகைகளைப் புரட்டுகிறவர்களுக்கு ஒருவகைக் கட்டுரை நன்கு பழக்கமாயிருக்கும். சின்ன வயதில் அம்மாவும் அப்பாவும் எங்களை என்னென்ன செய்யக் கூடாது என்று தடுத்தார்கள் என்று சொல்லும் கட்டுரை. இரவில் விசிலடிக்கக் கூடாது, பாம்பு வரும். பாம்பைப் பாம்பென்று சொல்லவும் கூடாது, ‘பூச்சி’ என்றுதான் சொல்லவேண்டும். விளக்கு வைத்த நேரத்தில் படுக்கக் கூடாது. உச்சி வெய்யிலுக்குள் புளியடிக்குப் போகக் கூடாது. இறைச்சிக்கறி கொண்டுபோனால் ஒரு கரித்துண்டு போடாமல் படலையைத் தாண்டக் கூடாது. செவ்வாய் வெள்ளியில் நகம் வெட்டக் கூடாது. கிணத்துக்கட்டில் ஏறக் கூடாது. எழுதியவர் ஒஸ்லோவிலோ பாரிசிலோ பேர்ளினிலோ இருப்பார். வாசிக்கும்போது வாயோரம் ஒரு சிரிப்பு வரும், கடைசிப் பந்தியில் கண் கலங்கும்.

இவற்றை வாசிப்பதில் எங்களுக்கும் ருசி உண்டு. ஆனால் பத்துக் கட்டுரை வாசித்தபின் ஒரு சந்தேகம் தட்டியது. எல்லாருடைய அம்மாவும் இதே இருபது தடைகளைத்தானா போட்டார்கள்? எங்கள் வீடுகளில் வேறொன்றும் விலக்கப்பட்டிருக்கவில்லையா? இதைவிட எரிச்சல் தருவது, இப்பொழுது ஒவ்வொன்றுக்கும் ஒட்டப்படுகிற ‘விஞ்ஞான விளக்கம்’. இருட்டில் வெட்டிய நகம் சோற்றில் விழுந்துவிடும், புளியமரம் இரவில் கெட்ட காற்று விடும், ஆகவே எங்கள் முன்னோர் மூடர்களல்லர் (!) என்று முடிப்பார்கள். கிணத்துக்கட்டுக்கு எந்த விளக்கமும் தேவையில்லை. விழுந்தால் சாவாய், அவ்வளவுதான். மற்றவற்றுக்கு விளக்கம் தேடி ஓடுகிற அவசரத்தில் எதையோ தாண்டிப் போகிறார்கள் என்றே எங்களுக்குப் படுகிறது.

இந்தத் தடைகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. அவற்றுக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. பொய்க்காரணமாகவே இருக்கட்டும், பேயோ பாம்போ மூதேவியோ ஏதோ ஒன்று வந்து நின்றது. அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் உயரும், வேலிக்கு அங்கால் பக்கமும் கேட்கும். இன்னொரு வகைத் தடையும் இருந்தது. அதற்குக் குரல் தாழும்.

‘அங்கை போனனியே? தண்ணி கிண்ணி வாங்கிக் குடிச்சனியே?’

‘ஓம். ஏனம்மா?’

‘இனிக் குடியாதை. சொன்னாக் கேள்.’

‘ஏன்?’

‘அது அப்பிடித்தான். போய்ப் படி.’

இங்கே பேயுமில்லை, பாம்புமில்லை. காரணம் என்று ஒன்று இல்லாததுபோலவே விஷயம் முடிந்துவிடுகிறது. எங்கள் நினைவுக் கட்டுரைகள் பெரும்பாலும் உரத்த குரலில் போடப்பட்ட தடைகளைத்தான் நினைவு வைத்திருக்கின்றன, தாழ்ந்த குரலில் போடப்பட்டவற்றை மறந்துவிட்டன என்பதே எங்கள் முறைப்பாடு.

தாழ்ந்த குரலைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நாவல் எங்களிடம் இருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’. 1994இல் வெளிவந்தது. செல்வதுரை 1965இல் கொழும்பில் பிறந்தவர், 83 ஆடிக் கலவரத்தின் பின் குடும்பத்தோடு கனடாவுக்கு வந்தவர். நூல் வெளிவந்த வருடம் நாங்கள் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து படித்துக்கொண்டிருந்தோம். அதைக் கையிலெடுத்தது இங்கே வந்தபிறகு, ஷேர்போண் வீதியிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுண் நூலகத்தில், ஆங்கிலம் பழகுவதற்கு ஏற்றதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோதுதான். அட்டையில் எங்கள் பெயர் மாதிரி ஒரு பெயர் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

ஆறு கதைகளால் ஆன நாவல் அது. முதற் கதையில் ஆர்ஜி சின்னப் பையன். மாதத்தில் ஒரு ஞாயிறு பேரப்பிள்ளைகளை எல்லாம் அம்மாச்சி வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் போய்விடுவார்கள். பெடியன்கள் முன்பக்கம் கிரிக்கெட் அடிக்கிறார்கள். பெட்டைகள் பின்வளவில் கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள். ஆர்ஜி நிற்பது பின்வளவில். சேலை சுற்றி மணப்பெண்ணாக நிற்பவன் அவன்தான். பிள்ளைகளுக்கு அதில் ஒரு கரைச்சலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு மச்சாள் தான்தான் மணப்பெண்ணாக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். அவளுடைய தாய் ஆர்ஜியைச் சேலையோடேயே இழுத்துக்கொண்டுபோய்ப் பெரியவர்களுக்கு முன்னால் நிறுத்துகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு மாமா தகப்பனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்கிறார், நாவலின் தலைப்பாக இருக்கிற சொல்லை. அதற்குப் பிறகுதான் தடை வருகிறது. அம்மா சேலை உடுக்கும்போது அறைக்குள் நின்று பார்க்கக் கூடாது. பெட்டைகளோடு சேரக் கூடாது. கிரிக்கெட் விளையாடியே ஆகவேண்டும்.

முதலில் சிரிப்பு, பிறகுதான் தடை என்ற இந்த ஒழுங்கைச் செல்வதுரை எங்கிருந்தோ மிகச் சரியாகப் பிடித்திருக்கிறார். எங்கள் ஊர்களிலும் அப்படித்தான் நடந்தது. பெற்றோருக்குத் தாமாகத் தோன்றிய பயம் அல்ல அது, நாலுபேர் சிரித்ததால் வந்த பயம். ஆர்ஜியின் தகப்பன் மகனைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்பதில்லை. மனைவியைத்தான் குற்றம் சொல்கிறார், பிள்ளை இப்படியானால் அது உன்னுடைய பிழை என்கிறார். இன்னொன்றையும் பாருங்கள். பெடியன்களின் கிரிக்கெட் கோஷ்டி ஒன்றுக்குத் தலைமை தாங்குகிறவள் மீனா என்ற பெட்டை. அவளை ஒருவரும் இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தவில்லை. பெட்டை கொஞ்ச நாளைக்குப் பெடியனாய்த் திரியலாம், பெரியபிள்ளையானதும் தானாகவே உள்ளே வந்துவிடுவாள் என்று வீட்டாருக்குத் தெரியும். பெடியன் ‘கீழே’ இறங்குவதுதான் மானப்பிரச்சினை. செல்வதுரை மீனாவைப் பற்றி ஒரு பிரசங்கமும் வைக்காமல் அவள்பாட்டில் விளையாடவிட்டுவிட்டார். பெண்ணியக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொன்னதை ஒரு கிரிக்கெட் கோஷ்டி சொல்லிவிடுகிறது.

ஆர்ஜி தாயிடம் ஏன் என்று கேட்கிறான். தாய்க்குப் பதில் தெரியும், ஆனால் வாயில் வராது. பன்றியைப் பற்றி ஒரு அர்த்தமில்லாத வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டு விலகிப்போகிறாள். அந்தக் கதையின் தலைப்பே ‘பன்றிகளால் பறக்க ஏலாது’ என்பதுதான். கொழும்பு ஆங்கிலத்தில் அது. எங்கள் வீட்டில் அது ‘அது அப்பிடித்தான்’. மொழி வேறு, கதவு சாத்துகிற சத்தம் ஒன்றுதான்.

இந்தத் தாயைச் செல்வதுரை லேசாக விடவில்லை என்பதில்தான் நாவலின் பலம் இருக்கிறது. மூன்றாவது கதையில், அவளே ஒரு காலத்தில் தடுக்கப்பட்டவள் என்று தெரியவருகிறது. டரில் என்ற பறங்கி இனத்தவரை விரும்பியிருக்கிறாள், வீட்டார் விடவில்லை. அதற்கு முந்திய கதையில் ராதா அன்ரி ஒரு சிங்களப் பெடியனோடு பழகுவதை அம்மாச்சி மூர்க்கமாகத் தடுக்கிறார். அம்மாச்சியின் தகப்பன் ஐம்பதுகளின் கலவரத்தில் கொல்லப்பட்டவர் என்பதை ஆர்ஜி பெரியவர்களின் கதைகளை ஒட்டுக்கேட்டுத்தான் பொறுக்கியெடுக்கிறான். வீட்டில் போடப்படுகிற ஒவ்வொரு தடைக்குப் பின்னாலும் ஒரு பழைய காயம் இருக்கிறது, காயத்தைக் காட்ட மாட்டார்கள், தடையை மாத்திரம் கையில் தருவார்கள். தடுக்கப்பட்டவளே பிறகு தடுப்பவளாகிறாள். எங்கள் தாய்மாரைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்ட வேறு நாவலை நாங்கள் வாசித்ததில்லை. அதை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டியிருந்தது என்பது மனதுக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

நாவலில் எங்களுக்குக் குறைபாடாகத் தெரிவதையும் சொல்லிவிடவேண்டும். இது கொழும்பின் வசதியான தமிழ்க் குடும்பம். தகப்பனுக்கு ஹோட்டல், வீட்டில் வேலைக்காரர், பிள்ளைகளின் மொழி ஆங்கிலம். இனம், பால், வர்க்கம் எல்லாம் நாவலுக்குள் வருகின்றன. சாதி வரவில்லை. வேலைக்காரி எந்தக் கோப்பையில் தேத்தண்ணி குடித்தாள் என்று ஆர்ஜி பார்த்ததில்லை, அல்லது செல்வதுரை பார்த்து எழுதவில்லை. இவ்வளவு கூர்மையாக ஒட்டுக்கேட்கிற ஒரு பிள்ளைக்கு அது மட்டும் கேட்கவில்லை என்பதை நம்பக் கஷ்டமாயிருக்கிறது.

எங்கள் வீடுகளில் தாழ்ந்த குரலில் வந்த முதல் தடை அதுதானே. இப்பொழுது கனடாவில் பல வீடுகளின் கண்ணாடி அலுமாரியில் ஒரு மூக்குப்பேணி மினுக்கி வைத்திருக்கிறார்கள். பாரம்பரியச் சின்னமாம். உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதற்காகச் செய்யப்பட்ட பாத்திரம் அது. எச்சில் படக் கூடாது. சரி, யாருடைய எச்சில்? மூக்குப்பேணி புழங்கிய அதே வீடுகளில் சிலருக்குச் சிரட்டையிலும் தகரப்பேணியிலும் போத்தலிலும் தண்ணீர் கொடுத்தார்கள். அவற்றை ஒருவரும் ஊரிலிருந்து கொண்டுவந்து அலுமாரியில் வைக்கவில்லை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களில் சாதி பார்த்துத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க்கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் போராட்டங்கள் நடந்தன. கடைக்கும் கோயிலுக்கும் சட்டம் போகலாம். அம்மா பிள்ளையின் காதுக்குள் சொல்வதற்குச் சட்டம் என்ன செய்யும்?

கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) நாவலையும், டொமினிக் ஜீவாவின் ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற தன்வரலாற்றையும் இதற்காகவே எங்கள் நினைவுக் கட்டுரையாளர்களுக்குச் சிபாரிசு செய்கிறோம். ஜீவா தான் பள்ளிக்கூடத்தில் பட்ட சாதி அவமானத்தை எழுதியவர். இவர்களை வாசிக்கும்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. ‘அந்த வீட்டுக்குப் போகாதை’ என்று எங்களுக்குச் சொல்லப்பட்ட அதே பின்னேரம், ‘அந்த வீட்டிலும்’ ஒரு தாய் தன் பிள்ளையிடம் ‘அங்கை போகாதை’ என்று சொல்லியிருப்பாள். ஒரே கிடுகு வேலி, ஒரே தடை, இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில் அது எங்கள் ‘மரியாதையை’க் காப்பாற்றியது. மற்றப் பக்கத்தில் பிள்ளைக்கு அடி விழாமல் காப்பாற்றியது. தமிழில் ‘நாங்கள்’ என்றும் ‘நாம்’ என்றும் இரண்டு சொல் இருப்பது சும்மா இல்லை. எங்கள் ஊர் நினைவுகளை எழுதுகிறவர்கள் ‘நாம்’ என்று எழுதுகிறார்கள், சொல்ல வருவதோ ‘நாங்கள்’. இந்தக் கட்டுரையில் நாங்கள் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். வேலிக்கு இந்தப் பக்கத்தில் நின்றவர்கள் என்பதால்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. மழை, சேறு, தலையில் சாக்குமூட்டை. அந்தச் சனத்துக்குள் ஆருக்கு ஆர் என்ன சாதி என்று யார் பார்த்தார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பார்த்தார்கள். ரோட்டில் பார்க்கவில்லை, கிணத்தடிக்குப் போய்ச் சேர்ந்ததும் பார்த்தார்கள். இன்ன கிணத்தில் அள்ளு, இன்ன கிணத்தில் அள்ளாதே என்று அங்கேயும் குரல் தாழ்ந்தது. சாதியைப் பற்றி வெளியில் கதைப்பது இயக்கக் காலத்தில் அடங்கியிருந்தது உண்மைதான். அடங்கியது வீட்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது என்பது எங்கள் அபிப்பிராயம்.

இங்கே ரொறொன்ரோவில் உணவகக் குசினிகளில் எங்கள் ஆட்கள் நிறையப்பேர் கோப்பை கழுவித்தான் தொடங்கினார்கள். நாங்களும் அப்படியே. எந்த நாட்டவர், எந்த மதத்தவர், என்ன சாதி என்று தெரியாத ஆட்கள் நக்கி வைத்த கரண்டியையும் கடித்து வைத்த எலும்பையும் ஒரு இரவில் ஆயிரம் தடவை கையால் வழித்திருக்கிறோம். எச்சில் என்ற சொல்லுக்கே அங்கே பொருளில்லை, சூடான தண்ணியும் சவர்க்காரமும்தான். பிறகு மாட்டிறைச்சி வாட்டுகிற அடுப்புக்கு உயர்ந்தோம். ஊரிலிருந்து அம்மா ரெலிபோனில் கேட்பார், ‘நீ அதுகளைத் தொடுறேல்லைத்தானே, மோனை?’ ‘இல்லையம்மா.’ இந்தப் பொய்யில் எங்களுக்குக் குற்றவுணர்ச்சி கிடையாது. ஆனால் அதே குசினியில் ஆயிரம் எச்சில் கழுவிய ஆள் வீட்டுக்கு வந்து மகளுக்குக் கல்யாணம் பேசும்போது, ‘ஊரிலை எவடம்?’ என்று கேட்கிறாரே, அதைத்தான் எங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. எவடம் என்பது இடத்தைப் பற்றிய கேள்வி அல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

பெற்றோர் காரணம் சொல்லாமல் தடுத்த எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கொட்டுவதும் சரியாகாது. யுத்தம் எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு வேறொரு தடைப் பட்டியலைத் தந்தது. ரோட்டில் கிடக்கிற எதையும் தொடாதே. பொம்பர் சத்தம் கேட்டால் விளக்கை அணை. சென்றியில் சிரிக்காதே, ஆமிக்காரனின் முகத்தைப் பார்க்காதே. கொழும்புக்குப் போனால் பஸ்ஸுக்குள் தமிழில் கதைக்காதே, பொட்டை அழி. வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லாதே. இவையும் தாழ்ந்த குரலில்தான் வந்தன. 1991 மே மாதம் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி சிவரமணி, யுத்த இரவுகள் குழந்தைகளை எப்படிப் பெரியவர்களாக்கிவிடுகின்றன என்று ஒரு கவிதையில் எழுதினார். கேள்வி கேட்காமல் இருக்கப் பிள்ளைகள் பழகிக்கொள்வதை அவர் கண்டிருக்கிறார். அந்தக் கவிதையை வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் எங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார் என்று தோன்றும். அப்பொழுது எங்களில் பலர் தொட்டிலில்.

2007, 2008இல் வன்னியில் இருந்த பெற்றோர் பிள்ளைகளை வாசலுக்கே விடவில்லை. வீட்டுக்கொருவர் என்று இயக்கம் பிடித்துக்கொண்டிருந்த காலம். பிள்ளைகளைக் கிடங்குக்குள்ளும் காட்டுக்குள்ளும் ஒளித்து வைத்தார்கள். பதினாறு பதினேழு வயதில் அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள், கல்யாணமானவர்களைப் பிடிப்பதில்லை என்ற நம்பிக்கையில். ‘வெளியிலை வராதை, இருமாதை, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏனென்று கேளாதை.’ இந்தத் தடைக்கு யாரும் பிள்ளைக்குக் காரணம் சொல்லவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். இதைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் கொஞ்சம். எழுதினால் துரோகி என்பார்கள் என்ற பயம் 2009 மேயோடு போய்விடவில்லை. அந்தப் பெற்றோர் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடினார்கள். அம்மாச்சியும் ஆர்ஜியின் தகப்பனும், மூக்குப்பேணி வீட்டாரும் தங்களைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடினார்கள். காதுக்கு இரண்டும் ஒரேமாதிரித்தான் கேட்கும். யுத்தத்துக்குள் வளர்ந்த எங்களுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் போனது. அம்மா குரலைத் தாழ்த்தினால் உயிருக்கு ஆபத்து என்று மாத்திரமே எங்கள் காது எடுத்துக்கொண்டது. ஆகவே நாங்கள் எதிர்த்துக் கேட்கவில்லை, கிணத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

இனி இங்கே. சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிகள் 1960களில் பழைய வீடுகளை இடித்துக் கட்டப்பட்டவை. கல்யாணமாகாத, உத்தியோகம் பார்க்கிற இளம் ஆட்களை நினைத்துக் கட்டினார்கள், பிள்ளைகளோடு வருகிற குடும்பங்களை நினைத்தல்ல. ஹலிபக்ஸ், வின்னிபெக் என்று கனடிய நகரங்களின் பெயர்களைக் கட்டடங்களுக்கு வைத்தார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவற்றுக்குள் ஊர் ஊராக எங்கள் சனம் வந்து நிறைந்தது. பிறகு பலர் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், வாங்க ஏலாத எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கும் தடைகள் உண்டு. பல்கனியில் ஏறாதே என்பது பழைய கிணத்துக்கட்டு, அதற்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. தெரியாத ஆளோடு லிப்றில் ஏறாதே, படிக்கட்டில் ஊசி கிடந்தால் தொடாதே. இதெல்லாம் உரத்த குரலில், சிலவேளை ஆங்கிலத்தில்கூடச் சொல்லப்படுகிறது. குரல் எங்கே தாழ்கிறது என்று பார்த்தால், கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்வதைப் பற்றிப் பேசும்போது தாழ்கிறது. ‘எவடத்து ஆக்கள்’ என்ற இடத்தில் தாழ்கிறது. வெலஸ்லி வீதியைப் பற்றிப் பேசும்போதும் தாழ்கிறது.

எங்கள் மாடிகளின் அடியிலிருந்து வெலஸ்லி வீதியால் மேற்கே நடந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் சேர்ச் வீதிச் சந்தி வரும். வானவில் கொடிகள் தொங்குகிற தெரு. ஒவ்வொரு யூன் மாதமும் பெரிய ஊர்வலம் நடக்கும். எங்களில் சிலர் அந்தத் தெருவின் குசினிகளிலேயே வேலை செய்கிறோம். ஊர்வல நாளில் மூச்சு விட நேரமிருக்காது, நல்ல உழைப்பு. அந்த நாளில் பிள்ளைகளை அந்தப் பக்கம் போக விடாத வீடுகள் எங்கள் கட்டடத்தில் இருக்கின்றன. பிள்ளை ஏன் என்று கேட்டால், ‘சனம் கூட’ என்பார்கள். நல்லூர்த் தேரில் சனம் கூடவில்லையா? ‘ஃபனி போய்’ நாவலில் ஆர்ஜியை ஆம்பிளையாக்குவதற்காக அனுப்புகிற பள்ளிக்கூடத்துக்குச் செல்வதுரை வைத்த பெயர் விக்ரோறியா அக்கடமி. பெயரைச் சும்மா வைத்திருக்கமாட்டார். இந்த விஷயத்தில் எங்கள் பெற்றோர் ‘எங்கடை கலாசாரம்’ என்று காப்பாற்றுவது, விக்ரோறியா மகாராணி காலத்து வெள்ளைக்காரன் 1883இல் இலங்கைக்கு எழுதிவைத்த தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவைத்தான். எழுதியவனின் நாட்டுக்காரர் அதைக் கைவிட்டார்கள், கனடா 1969இல் தன் சட்டத்தை மாற்றியது, ஒன்ராறியோவில் 2003 முதல் அவர்கள் கல்யாணமே கட்டலாம். சட்டம் மாறிய தெருவிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில் எங்கள் வீடுகள் இன்னும் 1883இல் இருக்கின்றன.

2020இல் தீபா மேத்தா இந்த நாவலைப் படமாக எடுத்தார். ஒஸ்காருக்குக் கனடா அனுப்பிய படம், ஆங்கிலம் கூடிவிட்டது என்று பிறமொழிப் பட வரிசையில் ஏற்க மறுத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களும் படத்தை எதிர்த்தார்கள். தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழர் அல்லாதவர்களைப் போட்டது பிழை, பேசுகிற தமிழ் தமிழாக இல்லை என்றார்கள். நியாயமான விமர்சனம். அதை முதலில் உரத்துச் சொன்னவர்களுள் தமிழ்ப் பால்புதுமையினரும் இருந்தார்கள், அவர்களுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் போய் நின்று சத்தம் போட்ட மற்றப் பெரிய மனிதர்களைத்தான் எங்களுக்குச் சந்தேகம். உச்சரிப்பைப் பற்றி மணிக்கணக்காகக் கதைத்தார்கள், படம் எதைப் பற்றியது என்று ஒரு வசனம் கதைக்கவில்லை. ழகரம் சரியாக வந்திருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பார்த்திருப்பார்களா?

எங்கள் மாடியில் ஒரு பெடியன் இருந்தான். எந்த மாடி என்று சொல்லப்போவதில்லை. கெட்டிக்காரன், தமிழும் நன்றாகக் கதைப்பான். இப்போது வீட்டில் இல்லை. தாயிடம் கேட்டால் ‘வேறை மாகாணத்திலை படிக்கிறார்’ என்கிறார். குரல் தாழ்கிறது. நாங்களும் மேலே கேட்பதில்லை. அவனைச் சேர்ச் வீதியில், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்துவிடக்கூடிய தூரத்தில், கோப்பிக் கடையொன்றில் வேலை செய்யக் கண்டவர்கள் இருக்கிறார்கள். தாய்க்கும் தெரியும் என்றே நினைக்கிறோம். அந்தத் தாய் வன்னியில் தம்பியாரைக் கிடங்குக்குள் ஒளித்து வைத்திருந்தவர். ஆகவே அவரைக் கேலி செய்து எழுத எங்களுக்கு மனம் வராது. ஆனால் அவர் இப்போது ஒளிப்பது பிள்ளையை யாரிடமிருந்து என்று யாராவது அவரிடம் கேட்கத்தான் வேண்டும். ஆர்ஜியின் தாயைப் பற்றி அவர் தமிழில் வாசிக்கக் கிடைத்தால், எங்களைவிட அந்தப் புத்தகம் நன்றாகக் கேட்கும்.

தமிழில் என்றவுடன் தலைப்பிலேயே இடறுகிறது. ‘வேடிக்கையான பெடியன்’ என்றால் பகிடிக்காரன் என்றாகிவிடும். ‘விசித்திரமான’ என்றால் அம்புலிமாமாக் கதை. ஆங்கிலச் சொல்லுக்குச் சிரிப்பு, விநோதம் என்று இரண்டு பொருள் இருப்பதையும், தகப்பன் சொன்ன தொனிக்கு இரண்டும் பொருந்தவில்லை என்பதையும் ஆர்ஜியே யோசித்துப் பார்க்கிறான். அந்த மாமா யாழ்ப்பாணத்து மாமாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒழுங்கையில் கல்லோடு சேர்த்து எறியப்பட்ட சொற்கள் அவை. அவற்றில் ஒன்றை அட்டையில் போட்டால் புத்தகத்தை எந்த வீட்டுக்குள்ளும் கொண்டுபோக ஏலாது. ‘பால்புதுமை’ நல்ல சொல், ஆனால் எழுபதுகளின் கொழும்பு மாமாவின் வாயில் அது வராது. சொல்லையே விட்டுவிட்டுத் தகப்பனின் முகம் மாறுவதை மாத்திரம் எழுதலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் மொழிபெயர்ப்பாளரும் குரலைத் தாழ்த்திவிட்டார் என்றுதான் அர்த்தம். அந்தக் கெட்ட சொல்லையே கதைக்குள் போடவேண்டும் என்பது எங்கள் பெரும்பான்மை முடிவு. எந்தச் சொல் என்பதில் குசினியில் இன்னும் இழுபறியாகத்தான் கிடக்கிறது.